கலைச்சொல் தேவை: இஞ்சர்டு ரிசர்வ்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியல் வேலை மெல்ல நகர்கிறது. குவார்ட்டர்பேக், டச்டவுன் போன்றவற்றை ஒலிபெயர்த்தே எழுதலாம் என்று முன்பே பேசி முடித்துவிட்டோம். இப்போது சிக்கியிருப்பது களத்துக்கு வெளியே புழங்கும் சொல்: இஞ்சர்டு ரிசர்வ். அமெரிக்கக் கால்பந்தின் தலைமை லீக்கான என்எஃப்எல் பருவம் தொடங்கிவிட்டால் இந்தச் சொல் இல்லாத செய்தியே கிடையாது. ஒருவருக்கு முழங்கால் போனது, அவரை அதில் வைத்தார்கள். இன்னொருவர் அதிலிருந்து திரும்பினார். இப்படியே போகும்.

நான் முதலில் குறித்துவைத்தது 'காயமுற்றோர் இருப்பு'. எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் "ஸ்டாக் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதோடு அதை அடித்துவிட்டேன். பிறகு 'காயப்பட்டியல்', 'காய ஒதுக்கம்' என்று இரண்டு எழுதினேன். எது சரி? இரண்டுமே சரியில்லையா? ரோஸ்டர் என்பதற்கு 'அணிப்பட்டியல்' போட்டிருக்கிறேன். அதில் மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

-----

அக்கா, வணக்கம்.

அணிப்பட்டியலில் எனக்கு மறுப்பில்லை. மற்ற இரண்டும் வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்ல, அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முகாமில் ஓர் அணி 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும் முன் அதை 53 ஆகக் குறைத்தாக வேண்டும். அந்த 53 பேரில் ஆட்ட நாளன்று சீருடை போடுவது 48 பேர் வரைதான். இது முட்டி மோதும் விளையாட்டு. வாராவாரம் யாருக்காவது எலும்போ தசைநாரோ போகும். காயம்பட்டவர் 53இல் உட்கார்ந்திருந்தால் அந்த இடம் வீண். விடுவித்துவிட்டால் வேறு அணி அள்ளிக்கொண்டு போகும். இந்த இக்கட்டுக்காக வந்ததுதான் இஞ்சர்டு ரிசர்வ். அதில் வைத்ததும் ஆளின் இடம் காலியாகும், ஆனால் ஒப்பந்தம் அப்படியே நிற்கும். சம்பளம் போகும், அந்தச் சம்பளம் அணியின் ஊதிய உச்சவரம்பிலும் சேரும். வேறு எந்த அணியும் அவரைத் தொட முடியாது. இடத்தை விடுவது, ஆளை விடாமல் இருப்பது, இரண்டும் ஒரே நேரத்தில்.

இங்கேதான் ரிசர்வ் என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. ரிசர்வ் என்றதும் நமக்குக் கையிருப்பும், சேமப்படையும், வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரரும் நினைவுக்கு வருகிறார்கள். கூப்பிட்டால் ஓடி வருபவர்தானே அவர்கள்? இந்தப் பட்டியலில் இருப்பவரோ கூப்பிட்டாலும் வரக்கூடாதவர். இந்த ரிசர்வின் வேர் பேஸ்பாலில் இருக்கிறது. 1879இல் அங்கிருந்த அணி முதலாளிகள், ஆளுக்கு ஐந்து ஆட்டக்காரர்களை 'இவர் எனக்கு' என்று குறித்துவைத்துக்கொள்வது, மற்றவர் அவர்களிடம் பேரம் பேசுவதில்லை என்று தங்களுக்குள் முடிவுசெய்தார்கள். அந்தப் பொருளில்தான் என்எஃப்எல்லிலும் ரிசர்வ் பட்டியல் நீளுகிறது. காயம்பட்டவருக்கு மட்டுமல்ல, தடை விதிக்கப்பட்டவருக்கும், ஓய்வு அறிவித்தவருக்கும், ராணுவ சேவைக்குப் போனவருக்கும் அதில் தனித்தனி வகை உண்டு. ஓய்வு பெற்றவரைக் கையிருப்பு என்று யார் சொல்வார்கள்? ஆகவே 'இருப்பு' போயிற்று. வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி!

'காயப்பட்டியல்' வேறு காரணத்தால் உதவாது. ஒவ்வொரு வாரமும் அணிகள் இஞ்சுரி ரிப்போர்ட் வெளியிட வேண்டும். இந்த வாரம் ஆடுவது நிச்சயமில்லை, ஆடுவது கடினம், ஆடமாட்டார் என்று அதில் மூன்று நிலைகள். (முன்பு 'அநேகமாக ஆடுவார்' என்றும் ஒன்று இருந்தது. 2016இல் அதை எடுத்துவிட்டார்கள்.) காயப்பட்டியல் என்று யாராவது எழுதினால் வாசகர் இதைத்தான் நினைப்பார். இதில் இருப்பவரோ இன்னமும் 53க்குள் இருப்பவர். போதாததற்கு, காயம் என்றாலே மளிகைச் சீட்டு எழுதும் வீடுகள் நம்மிடம் உண்டு.

'ஒதுக்கம்' பொருளளவில் நெருங்கி வருகிறது. ஆனால் வினையாக்கிப் பாருங்கள். 'அவரை ஒதுக்கிவைத்தார்கள்' என்றால் ஊர் விலக்கம் மாதிரி ஒலிக்கிறது. பெயர்ச்சொல்லாக விட்டாலும் இடஒதுக்கீடு குறுக்கே வரும்.

என் பரிந்துரை 'காயவிடுப்பு'. மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு என்று அலுவலகத் தமிழில் நன்றாக ஊறிய சொல். விடுப்பில் போன ஆசிரியரின் பணியிடம் அவருடையதுதான், சம்பளமும் வருகிறது. வகுப்பை மட்டும் வேறொருவர் எடுக்கிறார். இது அச்சாக அதே ஏற்பாடு.

இன்னொன்றும் முக்கியம். இந்தச் சொல் குறிப்பது உடம்பின் நிலையை அல்ல, பதிவேட்டில் ஆள் இருக்கும் நிலையை. குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் ஒருவரே இதற்குப் போதும். 2013 நவம்பரில் பேக்கர்ஸ் அணிக்கு ஆடும்போது அவருக்குக் காறையெலும்பு முறிந்தது. அவரை இந்தப் பட்டியலில் வைக்காமல் அணியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஏழு ஆட்டங்கள் தவறின. கடைசி வாரம் வந்து சிகாகோவை வென்று பிரிவையும் கைப்பற்றிக் கொடுத்தார். 2017இல் மறுபக்கத்துக் காறையெலும்பு. இந்த முறை பட்டியலில் வைத்தார்கள். டிசம்பரில் திரும்பி ஓர் ஆட்டம் ஆடினார், தோற்றார்கள், மறுபடியும் பட்டியலுக்கே போனார். 2023 செப்டம்பர் 11 அன்று ஜெட்ஸ் அணிக்காக இறங்கிய முதல் ஆட்டத்தில், நான்காவது முறை பந்தை எடுத்து ஆடியபோதே (ஸ்னாப்) குதிகால் தசைநார் அறுந்தது. நவம்பர் 29இல் பயிற்சிக்கு வந்தார். பயிற்சிக்குத் திரும்பியவரை 21 நாட்களுக்குள் 53க்குள் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் அந்தப் பருவம் அவருக்கு முடிந்தது. ஜெட்ஸ் டிசம்பரில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள், தொடர்ந்து பயிற்சி செய்யட்டும் என்பதற்காக. அந்தப் பருவத்தில் அவர் பிறகு ஆடவே இல்லை. ஆக, 2013இல் காயம் இருந்தது, காயவிடுப்பு இல்லை. 2023 கடைசியில் காயவிடுப்பு முடிந்தது, ஆடத் தயாராகவில்லை. இந்த இடைவெளியைத் தாங்குகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

-----

தம்பி எழுதியதைப் படித்தேன். விளக்கம் அருமை, ஆனால் சொல்லை ஏற்க மனம் வரவில்லை.

> விடுப்பில் போன ஆசிரியரின் பணியிடம் அவருடையதுதான்

அவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் போனவர், தம்பி. விடுப்பு என்பது ஊழியர் கேட்பது, மேலதிகாரி தருவது. இங்கே முடிவு யாருடையது? அணியுடையது. ஆட்டக்காரருக்கு விருப்பமே இல்லாமலும் இருக்கலாம். சிலருடைய ஒப்பந்தத்தில் இந்தப் பட்டியலுக்குப் போனால் சம்பளம் குறையும் என்றே எழுதியிருக்கும். கேட்காத விடுப்புக்குச் சம்பளத்தையும் குறைத்தால் நம் ஊர்ச் சங்கங்கள் சும்மா இருக்குமா?

இதற்கு நம் அரசுத் தமிழிலேயே ஒரு சொல் இருக்கிறது: காத்திருப்போர் பட்டியல். அதிகாரியைப் பதவியிலிருந்து எடுத்து, வேறு இடம் தராமல், சம்பளத்தோடு நிறுத்திவைப்பார்கள். முடிவு மேலிடத்துடையது. இடம் காலி, ஆள் கைவசம். 'காயக் காத்திருப்பு' என்றால் எல்லாம் பொருந்துகிறதே.

காலமும் பாருங்கள். 2012க்கு முன்பு பல ஆண்டுகள் இந்தப் பட்டியலுக்குப் போனவர் அந்தப் பருவம் முழுக்கத் திரும்ப முடியாது. 2012இல் அணிக்கு ஒருவருக்கு மட்டும் வழிவிட்டார்கள், அதுவும் ஆறு வாரம் பயிற்சியில்லாமல், எட்டு வாரம் ஆட்டமில்லாமல். 2017இல் இருவர் ஆனார்கள். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் எண்ணிக்கை வரம்பை எடுத்து, மூன்று வாரம் போதும் என்றார்கள். 2022 முதல் நான்கு ஆட்டம், பருவத்துக்கு எட்டுப் பேர். இப்படிக் காத்திருக்கும் காலத்தைச் சுற்றித்தானே விதியே இருக்கிறது?

-----

ஐயா, வணக்கம்.

காத்திருப்போர் பட்டியல் நான் யோசிக்காத சொல். பொறிமுறை அப்படியே பொருந்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தித்தாளில் 'எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம்' என்று படித்தால் முதலில் என்ன நினைப்போம்? என்ன தப்பு பண்ணினாரோ என்றுதானே? காலை உடைத்துக்கொண்டவருக்கு அந்த வாசனை வேண்டாம். பேஸ்பாலில் இதே மாதிரி பட்டியலுக்கு டிஸேபிள்டு லிஸ்ட் என்றுதான் நெடுங்காலமாகப் பெயர். காயம்பட்டவரையும் மாற்றுத்திறனாளியையும் ஒன்றாகப் பேசுவது முறையல்ல என்று எழுந்த குரலுக்குப் பிறகு, 2019இல் இஞ்சர்டு லிஸ்ட் என்று மாற்றினார்கள். பெயரின் வாசனை அவர்களுக்கே பொருட்டாக இருந்திருக்கிறது. போதாததற்கு ரயில் வெயிட்டிங் லிஸ்ட் வேறு இருக்கிறது. அங்கே காத்திருப்பவர் உள்ளே நுழையத் துடிப்பவர்.

முடிவு அணியுடையது என்ற உங்கள் வாதம் வலுவானது. அதற்குக் 'கட்டாய விடுப்பு' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கேட்காமல் கொடுத்தாலும் விடுப்பு விடுப்புதான். இந்த ஏற்பாட்டில் நடக்கும் தில்லுமுல்லைச் சொல்லவும் விடுப்புதான் கைகொடுக்கிறது. பொய் விடுப்பு எழுதுவது யாருக்குத் தெரியாது? நன்றாக இருக்கும் இளம் ஆட்டக்காரரைக் காயம் என்று எழுதி ஒளித்துவைக்கிறார்கள் என்ற புகார் அந்தக் காலத்து என்எஃப்எல்லில் இருந்ததால்தான், போனவர் திரும்ப முடியாது என்ற கடுமையே வந்தது. ஐஸ் ஹாக்கியில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. 2020-21 பருவத்தில் டாம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீள்காயப் பட்டியலில் இருந்தார். லீக் ஆட்டங்கள் முழுக்க அவர் இல்லை. அப்போது ஊதிய வரம்பு செல்லாதிருந்த பிளேஆஃப் தொடங்கியதும் வந்து இறங்கினார், ஸ்டான்லி கோப்பையும் கிடைத்தது. அறுவைச் சிகிச்சை உண்மை, விதியும் மீறப்படவில்லை. ஆனாலும் எதிரணி ரசிகர்களின் வயிறு எரிந்தது எரிந்ததுதான்.

என்எஃப்எல்லிலும் அணிகள் சளைத்தவையல்ல. 53 பேர் பட்டியல் முடிவாகும் முன்பே காயவிடுப்பில் வைத்தால் அந்தப் பருவத்தில் திரும்ப முடியாது என்று ஒரு விதி இருந்தது. அதனால் காயம்பட்டவரை ஒரு நாள் 53க்குள் உட்கார வைக்க, அனுபவமுள்ள வேறொருவரை விடுவிப்பார்கள். நாளைக்கு வந்துவிடு என்று காதோடு பேச்சு. மறுநாள் இவர் காயவிடுப்புக்குப் போவார், அவர் திரும்ப வந்து கையெழுத்துப் போடுவார். ஊரறிந்த நாடகம் என்பதால்தானோ என்னவோ, 2024இல் இருவருக்கு மட்டும் அந்த நாளிலேயே நேரடியாக வழி கொடுத்தார்கள்.

அக்கா, கூடவே வரும் இரண்டு வகைகளையும் சேர்த்துவிடுங்கள். முகாம் தொடங்கும்போதே உடல் தேறாமல் இருப்பவருக்கு ஒன்று, சுருக்கமாக பப் (PUP) என்பார்கள். ஒரு நாள் பயிற்சியில் இறங்கிவிட்டால்கூட அதில் வைக்க முடியாது. 'உடல்தேறா விடுப்பு' எனலாமா? இன்னொன்று, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் பட்ட காயத்துக்கு. சான் பிரான்சிஸ்கோ அணியின் ரிக்கி பியர்சல் 2024 ஆகஸ்ட் 31 அன்று நகரத்தின் யூனியன் சதுக்கத்தில் ஒரு கொள்ளை முயற்சியில் நெஞ்சில் குண்டடி பட்டார். அவரை வைத்தது இந்தப் பட்டியலில்தான். அக்டோபர் 20 அன்று களத்திலேயே இறங்கிவிட்டார் என்பது வேறு விஷயம். இந்த வகையில் அணி சம்பளத்தை நிறுத்திக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. ஆகவே தனிச்சொல் கட்டாயம் தேவை. 'புறக்காயம்' என்று மட்டும் தயவுசெய்து வேண்டாம். புறப்புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்தவர்களின் மொழியில் அந்தச் சொல்லைப் போட்டால், பாவம், பியர்சல் முதுகு காட்டி ஓடினார் என்று ஆகிவிடும். 'ஆட்டம்சாராக் காயவிடுப்பு' நீளம்தான், ஆனால் ஆபத்தில்லை.

-----

> கேட்காமல் கொடுத்தாலும் விடுப்பு விடுப்புதான்

சரி, தம்பி. தண்டனை வாசனை பற்றிச் சொன்னது உண்மை. நான் பணியில் இருந்தபோது அந்தப் பட்டியலுக்குப் போனவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு போனதில்லை. காயவிடுப்பு இருக்கட்டும். ஆனால் விளக்கக் குறிப்பில் 'அணி நிர்வாகத்தின் முடிவால்' என்ற சொற்கள் கட்டாயம் வர வேண்டும். 'விடுப்பில் சென்றார்' என்று எடுத்துக்காட்டு எழுதாதீர்கள், 'விடுப்பில் வைக்கப்பட்டார்' என்று எழுதுங்கள்.

-----

இருவருக்கும் நன்றி. இப்படிப் பதிகிறேன்:

காயவிடுப்பு: காயம்பட்ட ஆட்டக்காரரை, ஒப்பந்த உரிமையை விடாமல், அணி நிர்வாகத்தின் முடிவால் அணிப்பட்டியலின் எண்ணிக்கையிலிருந்து நீக்கிவைக்கும் நிலை. எடுத்துக்காட்டு: 'தொடைத்தசை கிழிந்ததால் காயவிடுப்பில் வைக்கப்பட்டார், நான்கு ஆட்டங்களாவது ஆட முடியாது.' 'காயவிடுப்பிலிருந்து அணிப்பட்டியலுக்கு மீட்கப்பட்டார்.'

21 நாள் கணக்குக்கு 'மீள்பயிற்சிக் காலம்' என்று போட்டிருக்கிறேன். உடல்தேறா விடுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆட்டம்சாராக் காயவிடுப்பையும் சேர்த்தாயிற்று.

அடுத்து வேவர். விடுவிக்கப்பட்டவரை மற்ற அணிகள் வரிசைப்படி கேட்டு எடுக்கும் முறை. 'கைவிடல்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். காயத்தோடு கைவிட்ட ஆட்டக்காரரை இன்னொரு அணி கேட்டு எடுக்காவிட்டால் பழைய அணியின் காயவிடுப்புக்கே திரும்புகிறார் என்ற வாக்கியத்தை அதை வைத்து எழுதிப் பார்த்தேன், கதை மாதிரி இருக்கிறது. வேறு யோசனை உள்ளவர்கள் புது இழையில் எழுதுங்கள்.