புதுப்பிப்பு: சின்னக் காரில் ஏர் சஸ்பென்ஷன், பொருத்திய பிறகு

ஏர் சஸ்பென்ஷன் என்றால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை காரைத் தாங்கும் அமைப்பு. முந்தைய இழையில் திட்டம் மட்டும் இருந்தது: முன்னால் ஏர் ஸ்ட்ரட் (காற்றுப்பையோடு வரும் ஷாக் அப்சார்பர்), பின்னால் காயில் ஸ்பிரிங் இருந்த இடத்தில் காற்றுப்பை, டிக்கியில் கம்ப்ரசரும் 11 லிட்டர் டேங்கும். காரைக்குடியிலேயே வேலை முடிந்துவிட்டது. "காத்து நிக்குமா?" என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில்.

கசிவு பெரும்பாலும் பையில் இல்லை, குழாய் நுனியில். ஆக்சா பிளேடால் அறுத்தால் பிசிர் நின்று ஃபிட்டிங்கின் (குழாயைச் செருகும் இணைப்பு) ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, கீறும். டியூப் கட்டரால் நேராக வெட்டி, முட்டும்வரை தள்ளுங்கள். டெஃப்லான் டேப்பை முதல் இரண்டு மரை விட்டுச் சுற்றவும். டேப் துணுக்கு உள்ளே போனால் வால்வு மூடாது. டேங்கில் 150 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, ராத்திரி முழுக்க விடுங்கள். பத்து டிகிரி குளிர்ந்தாலே சுமார் ஐந்து பிஎஸ்ஐ இறங்கும், அது கசிவு அல்ல.

ஸ்டீயரிங்கோடு முன் ஸ்ட்ரட்டும் திரும்பும். குழாயில் தளர்வு வேண்டும். காரை முழுக்க இறக்கி, ஸ்டீயரிங்கை இருபுறமும் ஒடித்து, பையில் எதுவும் உரசவில்லை என்று பாருங்கள். முழு ஏற்றத்தில் பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது.

நம்மூர் செம்மண் புழுதிக்கு கம்ப்ரசர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். காற்று உறிஞ்சும் முனையை டிக்கிக்குள்ளேயே வைப்பது உத்தமம். கம்ப்ரசருக்கு ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச்) கட்டாயம், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில்.

வீல் அலைன்மென்ட்டை வழக்கமாக ஓட்டும் உயரத்தில் மட்டுமே செய்யுங்கள். மாற்றம் செய்யுமுன் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பற்றி ஆர்டிஓவிலும், காப்பீடு பற்றி கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள்.