‘ரோம், ஓபன் சிட்டி’: குறி தவறிய குண்டுகள் யாரைக் காப்பாற்றுகின்றன?

வெண்திரை:
ஜெர்மானியரின் பிடியில் இருந்த ரோமைப் பற்றி இத்தாலிய இயக்குநர் ரோசெல்லினி 1945இல் எடுத்து வெளியிட்ட இந்தப் படத்தை நேற்று மீண்டும் பார்த்தேன். இறுதியில், ஜெர்மானியருக்கு எதிரான இயக்கத்துக்கு உதவிய பாதிரியார் தோன் பியத்ரோவை நாற்காலியில் கட்டிவைத்துச் சுடும்போது இத்தாலிய வீரர்களின் குண்டுகள் தரையில் பாய்கின்றன. ஜெர்மானிய அதிகாரிதான் அருகில் சென்று அவரைக் கொல்கிறார். இருபது ஆண்டுகள் முசோலினியின் கீழ் இருந்த நாடு, கொடுமை முழுவதையும் அந்நியர் தலையில் ஏற்றிவிட்டுத் தன்னை மன்னித்துக்கொள்கிறது என்றே எனக்குப் படுகிறது. 1943 அக்டோபர் 16 அன்று ரோமில் யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டதைப் பற்றியும் படம் வாய் திறக்கவில்லை.

நதிமூலம்:
இதை நான் ஏற்கவில்லை. ரோம் விடுதலை பெற்றது 1944 ஜூன் 4 அன்று. படப்பிடிப்பு தொடங்கிய 1945 ஜனவரியில் வட இத்தாலி இன்னும் ஜெர்மானியரின் பிடியில்தான் இருந்தது. ஆறாத காயத்தின் மீது நின்று எடுத்த படம் இது. கணவர் அடைக்கப்பட்டிருந்த படைமுகாமின் முன் 1944 மார்ச் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட கர்ப்பிணி தெரேசா குல்லாச்சேதான் பீனா பாத்திரத்துக்கு மூலம். பீனாவை மணக்கவிருந்த பிரான்செஸ்கோவை ஏற்றிச் செல்லும் லாரியின் பின்னால், பீனாவாக நடித்த அன்னா மாக்னானி கையை நீட்டியபடி ஓடிவந்து தெருவில் விழுகிறார். பூசை உதவிச் சிறுவனின் வெள்ளை அங்கியோடு மகன் அவர்மேல் விழுந்து கதறுகிறான். இதில் தன்னை மன்னித்துக்கொள்ளும் நாட்டை எங்கே கண்டீர்கள்? மேலும், ஜெர்மானிய ரகசியக் காவல்படைத் தலைவன் பெர்க்மனின் அறைக்கு வந்து அவனுக்கு உதவும் காவல்துறைத் தலைவரும், எதிர்ப்பு இயக்கத் தலைவன் மான்ஃப்ரெதியைக் காட்டிக்கொடுக்கும் அவனுடைய காதலி மரீனாவும் இத்தாலியர்களே.

வெண்திரை:
பீனாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. அந்தக் காட்சியை என்னால் இன்றும் கலங்காமல் பார்க்க முடிவதில்லை. ஆனால் அந்தக் காவல்துறைத் தலைவர் ஏவியதைச் செய்பவராக மட்டுமே வந்து போகிறார். பாசிச ஆட்சியின் போர்ப் படங்களை 1941 முதல் 1943 வரை எடுத்த இயக்குநருக்கு, உள்ளூர் அதிகாரம் எவ்வளவு தூரம் தானாக விரும்பி இயங்கியது என்பது தெரியாமல் இருந்திருக்காது.

காலைப்பனி:
நீங்கள் இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். தோன் பியத்ரோவுக்கு மூலமானவர்களுள் ஒருவர், 1944 ஏப்ரல் 3 அன்று பிராவெத்தா கோட்டையில் கொல்லப்பட்ட பாதிரியார் மொரோசினி. அங்கும் வீரர்களுள் பெரும்பாலோர் அவரைக் குறிவைக்காமல் சுட்டதாகவே சொல்லப்படுகிறது. ஆகவே அது கற்பனை அன்று. ஆனால் அவரைக் கைத்துப்பாக்கியால் சுட்டு முடித்தவர் பாசிசப் படையைச் சேர்ந்த இத்தாலிய அதிகாரி என்கின்றனர். அந்த ஒரு கைதான் திரையில் மாறியிருக்கிறது.

நதிமூலம்:
அப்படியானால் அந்த மாற்றத்தை மட்டும் என்னால் ஆதரிக்க முடியாது. கம்பிவேலிக்கு அப்பால் நின்று சிறுவர்கள் சீழ்க்கை அடிக்க, பாதிரியார் கண் உயர்த்திப் பார்க்கும் அந்தக் கணத்தின் மெய்ம்மையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.