பென்சில் ஸ்கேர்ட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

கோண்டாவில், புதன் காலை

எல்லாருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை என் தையல் வகுப்பில் பென்சில் ஸ்கேர்ட் பழக்கப்போகிறேன். பூப்போட்ட சீத்தைத் துணியில், அவரவர் அளவுக்கு அவரவரே வெட்டித் தைப்பது. குறிப்புத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே எல்லாம் தமிழில் எழுதி முடித்துவிட்டேன், தலைப்பில்தான் நிற்கிறேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இடுப்பில் இருந்து உடம்போடு ஒட்டி நேரே இறங்கி, முழங்காலடியில் கொஞ்சம் ஒடுங்கி முடியும். துணி உடம்புக்குப் பொருந்தப் பிடித்துத் தைக்கிற 'டாட்' என்பதற்கும் ஒரு சொல் கிடைத்தால் புண்ணியம்.

வட்டுக்கோட்டை, புதன் மதியம்

பிள்ளை, புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. வட்டுடை என்று பழைய சொல் இருக்கிறது. முழங்கால் அளவாக உடுப்பது. சீவக சிந்தாமணி படித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள், எதைப் போட்டாலும் 'பாவாடை' என்று மட்டும் முடிக்கவேண்டாம். பாவுதல் என்றால் பரவுதல். பெரியவர்கள் நடந்து வர நிலத்தில் விரிக்கிற துணியும் பாவாடைதான், சுவாமிக்கு முன்னால் துணி விரித்துச் சோறு பரப்பிப் படைப்பதும் பாவாடைதான். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர் வந்ததும் அதனால்தான் என்பது என் எண்ணம். விரிவதற்குப் பெயர் பாவாடை. விரியவே விரியாத ஒன்றைப் பாவாடை என்றால் சொல் அழுமா இல்லையா?

சுன்னாகம், புதன் மாலை

மாஸ்ரர், வட்டுடை வீரர்கள் உடுத்ததென்று நீங்கள்தான் முன்பு ஒருமுறை எழுதினீர்கள். இதை உடுத்திக்கொண்டு போருக்கல்ல, பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடு. முப்பது வருடமாகத் தைக்கிறேன், துணியோடு வருகிற ஒருவராவது வட்டுடை கேட்டதில்லை. 'அண்ணை, கீழே ஒடுக்கமாய்த் தைத்துத் தாங்கோ' என்பார்கள். ஒழுங்கை ஒடுக்கம், வாசல் ஒடுக்கம் என்கிறோம், இதுவும் ஒடுக்கம்தான். அதற்குள் ஒரு சொல்லைப் பாருங்கள்.

பருத்தித்துறை, புதன் இரவு

கரிக்கோற்பாவாடை. பென்சில் போன்ற பாவாடை, உவமைத்தொகை. புணர்ச்சியும் சுத்தம்.

திருநெல்வேலி, வியாழன் காலை

கரிக்கோல் என்றால் என் தங்கைக்கு அடுப்புத்தான் நினைவுக்கு வருகிறது.

சுன்னாகத்து அண்ணை சொன்னதை வைத்து 'ஒடுங்குபாவாடை' எனலாமா? ஒடுங்கிய, ஒடுங்குகின்ற, ஒடுங்கும் பாவாடை என்று முக்காலமும் அடங்கும் வினைத்தொகை. ஆகவே நடுவில் 'ப்' வராது, அச்சகத்தில் யாராவது அன்போடு சேர்த்துவிடுவார்கள், ரீச்சர் கவனம். 'ஒடுக்குபாவாடை' என்றும் எழுதிவிடாதீர்கள், அது உடுத்தியவரை ஒடுக்குகிற பாவாடை ஆகிவிடும்.

ரொறொன்ரோ, வியாழன்

தம்பி, அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1910 அளவில் மேல்நாட்டுப் பெண்கள் கணுக்காலடியில் இறுக்கிப் பிடித்த ஒரு பாவாடை உடுத்தினார்கள், முழு அடி எடுத்து வைக்க முடியாது, தத்தித் தத்தித்தான் நடை. நாங்கள் பேசுகிற இந்தப் பென்சில் வடிவம் அதன் பேத்தி மாதிரி, 1950களில் பாரிஸ் டியோரின் உடைகளோடு நன்றாகப் பரவியது.

ஆனால் எல்லாரும் பெயரோடு மல்லுக்கட்டுகிறீர்கள், பிள்ளைகளுக்குத் துணியை எப்படி வைத்து வெட்டுவது என்று சொல்ல யாரிடம் சொல் இருக்கிறது? நான் முதலில் தைத்தது கிளிகள் அச்சிட்ட பருத்தித் துணியில். துணி மிச்சம் பிடிக்க முன்பாகத்தை நேராகவும் பின்பாகத்தைத் திருப்பிப் போட்டும் வெட்டினேன். முன்னால் கிளிகள் கொப்பில் இருந்தன, பின்னால் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கின. இரண்டாவதில் பெரிய செம்பருத்திப் பூ. சிப் வைக்கப் பின்னால் நடுவில் ஒரு தையல் வரும்தானே, அதற்கு இடது பக்கம் பாதிப் பூ, மற்றப் பாதி நாலு விரல் கீழே. அதோடு வேறொரு முழுப் பூ சரியாகப் போய் உட்காரக்கூடாத இடத்தில் உட்கார்ந்தது, அதை உடுத்தி நான் ஒரு நாளும் வெளியே போகவில்லை. 115 சென்ரிமீற்றர் அகலத் துணியில் 60 சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தைக்க ஒன்றரை மீற்றர் போதும், ஆனால் பூவைப் பொருத்துவதென்றால் இன்னும் கால் மீற்றராவது வேண்டும், வெட்டுமுன் நனைத்துக் காயவிடவும் வேண்டும். ஒரே பக்கம் பார்க்கிற அச்சுக்கு நான் 'ஒருமுகப் பூ' என்று எழுதி வைத்திருக்கிறேன். பிடித்தால் எடுங்கள்.

மானிப்பாய், வியாழன் இரவு

எங்கள் ஊரில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீனை யாரும் இன்னும் இழுக்கவில்லை, ஆச்சரியம். 1850களிலும் 60களிலும் வைத்திய நூல்களைத் தமிழாக்கியபோது அவர் பிடித்த ஒழுங்கு, முதலில் வழக்கில் உள்ள தமிழ், பிறகு சமஸ்கிருதம், அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில். பென்சில் எப்போதோ வழக்கில் உள்ள தமிழ் ஆகிவிட்டது. 'பென்சில் பாவாடை' என்று போடுவதில் என்ன வெட்கம்? கோண்டாவில் ரீச்சர் கூசாமல் சீத்தை என்று எழுதினார். அதுவும் வந்த சொல்தான், போர்த்துக்கேயத்தில் சீட்டா, சிங்களத்தில் சீத்த, ஆங்கிலத்தில் சின்ட்ஸ், எல்லாவற்றுக்கும் வேர் 'சித்ர' என்று காட்டுவார்கள்.

பென்சிலுக்கு இலத்தீனில் பொருள் 'சிறுவால்', தூரிகையைக் குறித்தது. பெனிசிலின் அதே குடும்பம். தனித்தமிழ்க்காரர் பெயர்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் வால்பாவாடை.

வட்டுக்கோட்டை, வியாழன் நள்ளிரவு

சீத்தையை எடுத்துவிட்டு அச்சுத்துணி என்று போடலாம். துணி என்பதே துணிக்கப்பட்டது, வெட்டப்பட்டது என்றுதான் பொருள். அறுவையும் அப்படியே. சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. வெட்டு, வேட்டி, துண்டு, துணி என்று...

சுன்னாகம், வெள்ளி காலை

மாஸ்ரர், அறுவை போதும், பிள்ளைக்கு இன்று அச்சுக்குப் போகவேண்டும்.

திருநெல்வேலி, வெள்ளி காலை

டாட்டுக்குக் 'கூர்மடிப்பு'. பிளீற் வெறும் மடிப்பு, இது ஒரு முனையில் கூராகி மறைந்துவிடுகிற மடிப்பு.

சுன்னாகம்

நல்லாயிருக்கிறது.

மானிப்பாய்

சரி.

வட்டுக்கோட்டை

குற்றமில்லை.

கோண்டாவில், வெள்ளி மாலை

தாள் போய்விட்டது. தலைப்பு 'ஒடுங்குபாவாடை', அதன் கீழே சின்ன எழுத்தில் பென்சில் ஸ்கேர்ட். ஐந்து பேர் அதற்குத்தான் தலையாட்டினீர்கள், இரண்டு பேர் களைத்துப்போய் ஆட்டினீர்கள் என்று தெரியும். சீத்தை சீத்தையாகவே இருக்கிறது, யாழ்ப்பாணம் பெரியகடையில் அச்சுத்துணி கேட்டால் என்ன எடுத்துத் தருவார்களோ தெரியாது. கூர்மடிப்பு உள்ளே போயிருக்கிறது, நீளம் முன்னுக்கு 9 சென்ரிமீற்றர், பின்னுக்கு 13. ரொறொன்ரோ அக்காவின் ஒருமுகப் பூவும் போயிருக்கிறது.

வட்டுக்கோட்டை, வெள்ளி இரவு

பதிவுக்காக மட்டும்: அது பாவாடை அல்ல.

ரொறொன்ரோ, வெள்ளி

பின்னால் நடக்கிறதுக்கு விடுகிற திறப்புக்கு என்ன சொல் போட்டீர்கள்? அதைப்பற்றி ஒருவரும் பேசவில்லையே.

கோண்டாவில், சனி காலை

இங்கே கேட்கப் பயந்துதான் அக்கா. 'கீழே 15 சென்ரிமீற்றர் தைக்காமல் விடவும்' என்று எழுதிவிட்டேன்.