புதுப்பிப்பு: எஞ்சின் ஏறிவிட்டது, படகும் ஓடுகிறது

அமெரிக்காவின் மிச்சிகன் குளிரில் எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து, அதன் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த உலோக உடல்) வெடித்துப்போன என் பழைய நீர்ச்சறுக்குப் படகைப் பற்றி முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா? மாற்று ஃபோர்டு 351 விண்ட்சர் எஞ்சினைப் பொருத்திவிட்டேன்.

முதல் நாள் சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் வழியாகத் தும்மியதே தவிர ஓடவில்லை. குற்றவாளி நான்தான். இது எதிர்த்திசையில் சுழலும் எஞ்சின். ஸ்பார்க் பிளக் வயர்களையோ கார் எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் 1-3-7-2-6-5-4-8 வரிசையில் செருகியிருந்தேன். 1-8-4-5-6-2-7-3 என்று மாற்றியதும் உடனே பிடித்துக்கொண்டது. வீட்டில் வாங்கிய கேலி தனிக்கதை.

புரொப்பெல்லர் தண்டை, படகு டிரெய்லரில் இருக்கும்போதே எஞ்சினோடு நேர்ப்படுத்தியிருந்தேன். தண்ணீரில் இறக்கி ஒரு நாள் கழித்துப் பார்த்தால், எஞ்சினையும் தண்டையும் இணைக்கும் தட்டுகளுக்கு நடுவே இடைவெளி மாறியிருந்தது. எஞ்சின் தாங்கிகளைத் திருகித் திருகி, அந்தத் தட்டுகளின் சுற்றிலும் இடைவெளியில் உள்ள வித்தியாசத்தை 0.003 அங்குலத்துக்குள் கொண்டுவந்தேன். என் முதுகுதான் இன்னும் நேராகவில்லை.