ரெபேக்கா கிளைமாக்ஸ்: நம்ம ஃபேமிலி குரூப்ல

அக்கா: ஹிட்ச்காக்கோட ரெபேக்கா பாத்து முடிச்சேன், 1940 படம். வீடு எரியறது அபாரம், ஆனா ரெபேக்கா எப்டி செத்தான்னு அவ புருஷன் மேக்ஸிம் சொல்றது மட்டும் மனசுல ஒட்டல. தடுக்கி விழுந்து தலைல அடிபட்டு செத்துட்டாளாம், அப்ப எதுக்கு பொணத்த படகுல போட்டு கடல்ல முக்கணும்??

சித்தி: நாவல்ல அவன் துப்பாக்கியால சுட்டே கொல்றான்டி. அப்ப ஹாலிவுட்ல ஹேஸ் கோடுன்னு ஒரு தணிக்கை விதி இருந்துச்சு, கொலை பண்ணவன் தண்டனை இல்லாம தப்பிக்கற மாதிரி காட்ட விடமாட்டாங்க, மேக்ஸிமா நடிச்சது லாரன்ஸ் ஒலிவியர் வேற, அவர தூக்குல போட முடியுமா, அதான் கொலைய விபத்தாக்கிட்டாங்க

அக்கா: அய்யோ அப்ப கதையே மாறிடுதே சித்தி

சித்தி: ஆமா. புக்ல மேக்ஸிமோட ரெண்டாவது பொண்டாட்டி தன் புருஷன் கொலைகாரன்னு தெரிஞ்சும் அவன் பக்கம் நிக்கறா, அதுதான் பயமே. படத்துல நிரபராதிய காப்பாத்தறா, அவ்ளோதான்

தம்பி: டாக்டர் சீன் கூட வலுவிழந்துடுதுல்ல? ரெபேக்கா கர்ப்பம்னு நினைச்சா கேன்சர், அவளே மேக்ஸிம சீண்டிவிட்டு தன்னை கொல்ல வைக்க பாத்திருக்கா. சுட்டிருந்தா அவ ஜெயிச்சிருப்பா, விழுந்து செத்தா யார் ஜெயிச்சா

மாமா: நீங்க சொல்றது சரி, ஆனா அந்த சீன எடுத்த விதத்த பாருங்க. ஃப்ளாஷ்பேக் கிடையாது, அவன் பேசப்பேச கேமரா காலி சோபாவுலேர்ந்து எழுந்து நடக்குது, படம் முழுக்க முகமே காட்டாத ஒருத்தி அந்த ரூம்ல நடக்கறது நமக்கு தெரியுது. புக்ல இது கிடைக்காது. கடைசில தயாரிப்பாளர் செல்ஸ்னிக் வானத்துல புகை ரெபேக்காவோட முதல் எழுத்து ஆர் மாதிரி தெரியணும்னு கேட்டாராம், ஹிட்ச்காக் அத விட்டுட்டு தலையணை மேல இருந்த நைட்டி உறைல தைச்ச ஆர் எரியற மாதிரி வச்சார்

சித்தி: அது நல்ல முடிவு, ஒத்துக்கறேன். ஆனா வீட்ட கவனிச்சுக்கற டான்வர்ஸ உள்ளயே எரிச்சதும் அந்த கோடு புத்திதான்னு எனக்கு தோணுது. புக்ல அவ என்ன ஆனான்னே தெளிவா சொல்ல மாட்டாங்க

மாமா: இல்லம்மா, டான்வர்ஸா நடிச்ச ஜூடித் ஆண்டர்சன் ஜன்னலோரம் நிக்கற நிலைய பாத்தா தண்டனைன்னு தோணாது. ரெபேக்காவ அந்த வீட்ல உண்மையா நேசிச்சது அவ ஒருத்திதான், அந்த ரூம விட்டு எங்க போவா

அக்கா: மாமா சொல்றதுதான் எனக்கும். சித்தி புக் உங்கள்ட்ட இருக்கா? சுடற அத்தியாயம் படிச்சே ஆகணும்

சித்தி: இருக்கு, சனிக்கிழமை வா. முழுசா முதல்லேர்ந்து படி, அந்த அத்தியாயத்த மட்டும் தனியா படிச்சா அவ ஏன் கூட நிக்கறான்னு புரியாது