பாலாற்றில் மணல் குவாரி: கிராம சபைத் தீர்மானத்தால் ஆகப்போவது என்ன?

ஆற்றங்கரையான்:
எங்கள் ஊர்ப் பாலாற்றில் மணல் குவாரி திறக்கப்போவதாகப் பேச்சு. நவம்பர் 1 கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போடக் கையெழுத்து வாங்குகிறோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களும் அவரவர் ஊரில் போடுங்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்ப்பது அபூர்வம். நமக்கு ஆறு என்றால் மணலுக்கடியில் நிற்கிற தண்ணீர்தான். மணலை அள்ளுவது, தண்ணீர்த் தொட்டியையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி.

லோடு_வண்டி:
அண்ணா, நான் லாரி வைத்திருப்பவன், மறைக்கவில்லை. உங்கள் ஊர் மாடி வீடுகளுக்கு மணல் வானத்திலிருந்தா வந்தது? 2003-இல் அரசே குவாரிகளைக் கையில் எடுத்த பிறகு, வரிசையில் நின்று, பணம் கட்டி, சீட்டு வாங்கித்தான் லோடு ஏற்றினோம். அதை மூடினால் ராத்திரி டிராக்டரில் போகும். அதற்குச் சீட்டும் கிடையாது, ஆழக் கணக்கும் கிடையாது. எம்-சாண்ட், அதாவது செயற்கை மணல் வாங்கு என்பீர்கள். அது மலையை உடைத்து வருவது. அப்புறம் அங்கேயும் போய்க் கொடி பிடிப்பீர்கள்.

வாலாஜா_வாசி:
தீர்மானம் கலெக்டர் ஆபீஸ் அலமாரியில் தூங்கும். கோர்ட்டுதான் வழி. தோல் ஆலைகள் பாலாற்றில் விட்ட கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னார்கள். தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் வேறு.

ஆற்றங்கரையான்:
சரி, அந்த வழக்கைப் போட்டது யார்? ஊர் ஜனம்தானே. அப்புறம் என்ன ஆனது? அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டைக் கொடு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. தோல் பதனிடும் குரோமிய ரசாயனம் செய்த ராணிப்பேட்டை குரோமேட் ஆலை மூடியபின், லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே கிடந்தது. வெளியே ஆள் நின்று கேட்காவிட்டால் தீர்ப்பும் அலமாரியில்தான் தூங்கும்.

லோடு_வண்டி:
தோலும் மணலும் ஒன்றா? மணல் அள்ளினால் குரோமியமா வருகிறது?

ஆற்றங்கரையான்:
வராது. ஆனால் கழிவு ஊறிய ஆற்றில் நல்ல தண்ணீரும் குறைந்துபோனால் கிணற்றில் என்ன மிஞ்சும்? உப்புதான்.

ஆம்பூர்_டீச்சர்:
எங்கள் பக்கம் ஆற்றுக்குள் இருக்கும் குடிநீர் உறைகிணற்றை வந்து பாருங்கள். முன்பு மணலுக்கு மேல் இடுப்பளவுதான் நிற்கும். இப்போது மூடியைத் திறக்க ஏணி வேண்டும். சிமென்ட் உறைகளின் மூட்டு ஒவ்வொன்றும் வெளியே தெரிகிறது, பழைய மணல் மட்டம் கறையாகச் சுற்றி நிற்கிறது. கோடையில் பம்ப் காற்றைத்தான் இழுக்கிறது.

லோடு_வண்டி:
2021 நவம்பரில் எவ்வளவு பெரிய வெள்ளம் போனது? அது மணலை இழுக்கவில்லையா? எல்லாப் பழியும் எங்கள் தலையிலா டீச்சர்?

ஆம்பூர்_டீச்சர்:
வெள்ளம் செங்குத்தாகச் சுவர் வைத்தா வெட்டும் தம்பி? கிணற்றுக்குப் பத்தடி தள்ளிப் பொக்லைன் பல் பதிந்த தடம் இருக்கிறது. அது சீட்டு வாங்கிய வண்டியா, வாங்காத வண்டியா என்று கிணற்றுக்குத் தெரியாது.

லோடு_வண்டி:
அப்படியானால் ஆழத்தை அளந்து கேளுங்கள். குவாரி தொடங்கும் முன் ஒரு அளவு, மாதாமாதம் ஒரு அளவு, ஊர் ஆட்கள் முன்னிலையில். அனுமதித்த ஆழத்துக்குக் கீழே ஒரு அடி போனாலும் மூடட்டும். அதற்கு நானே கையெழுத்துப் போடுகிறேன். ‘குவாரியே கூடாது’ என்கிற வரிக்கு மாட்டேன்.

வாலாஜா_வாசி:
இதாவது கோர்ட்டில் நிற்கும். அளவு இருந்தால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆற்றங்கரையான்:
அளவையும் சேர்க்கிறேன். அந்த வரியை எடுக்க மாட்டேன்.