கத்தோலிக்கத் திருச்சபையின் இருண்ட காலங்களைத் தொலைக்காட்சி காட்டும் லட்சணம்

ஏடுபுரட்டி:
ஜெரமி அயன்ஸ் பாப்பரசராக நடித்த போர்ஜியா தொடரை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 2011-இல் தொடங்கி, மூன்று பருவம் ஓடி, 2013-இல் கதை முடியாமலேயே நின்றுபோன அமெரிக்கத் தொடர். அதே 2011-இல் ஐரோப்பாவிலிருந்தும் அதே குடும்பத்தைப் பற்றி இன்னொரு தொடர் வந்தது. அவ்வளவு கிராக்கி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். ஆனால் அந்தப் பாப்பரசர் ஆறாம் அலெக்சாந்தருக்கு (பழைய பெயர் ரோட்ரிகோ போர்ஜியா) வெள்ளையடிக்க வரவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். 1492 தேர்தலில் தனக்கு ஓட்டுப் போட்ட கர்தினால் அஸ்கானியோ ஸ்ஃபோர்சாவுக்குத் தன் பழைய பதவியையும் மாளிகையையும் தூக்கிக் கொடுத்தார். மீசை சரியாக முளைக்காத மகன் செசாரேயைக் கர்தினால் ஆக்கினார். எல்லாம் உண்மை.

என் குறை வேறு. மூன்றாம் பருவத்தில் செசாரேக்கும் தங்கை லுக்ரேசியாவுக்கும் உடலுறவு இருந்ததாகக் காட்டுகிறார்கள். இந்தக் கதை எங்கே கிளம்பியது தெரியுமா? லுக்ரேசியாவின் முதல் கணவர் ஜொவானி ஸ்ஃபோர்சா. 1497-இல் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்க, அவருக்கு ஆண்மை இல்லை என்று காரணம் காட்டினார்கள். ஊரே சிரித்தது. அந்த ஆத்திரத்தில் அவர் சொன்னது, அப்பனுக்கே மகள் மேல் கண் என்று. அவர் பழி சொன்னது அப்பன் மேல். தொலைக்காட்சிக்கு அண்ணன்தான் வசதியாக இருந்திருக்கிறான், இளைஞன், பார்க்க நன்றாக இருப்பான்.

அந்த லுக்ரேசியா பிற்பாடு இத்தாலியின் ஃபெராராவில் கணவர் இல்லாத நேரத்தில் ஆட்சியையே கவனித்தவள். 1519-இல், 39 வயதில், பிரசவத்துக்குப் பிறகு இறந்துபோனாள். இன்றைக்கு அவள் பெயரைச் சொன்னால் விஷமும் அண்ணனும்தான் ஞாபகம் வரும்.

அலெக்சாந்தர் செய்ததிலேயே பெரிய கேடு எது என்று கேட்டால், 1493 மே மாதம் போட்ட ஆணை என்பேன். அட்லாண்டிக் கடலில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேற்கே இருந்த நிலங்களை, அங்கே வாழ்ந்த மக்களோடு சேர்த்து, ஸ்பானிய அரசருக்கும் அரசிக்கும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சிந்தனையை வத்திக்கான் வெளிப்படையாகக் கைவிட்டது 2023 மார்ச்சில்தான். தொடர் பார்த்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், விருந்தைப் பற்றிச் சொல்வார்கள், விஷத்தைப் பற்றிச் சொல்வார்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மெழுகுவர்த்தி:
சரியாகச் சொன்னீர்கள் ஐயா. நம்மைப் பற்றி எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகிவிட்டது. 2015-இல் பிபிசி வுல்ஃப் ஹால் என்ற தொடரை ஒளிபரப்பியது, இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்துக் கதை. புனித தாமஸ் மூர் அதில் இரக்கமில்லாத வெறியர், மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் நல்லவர். இங்கிலாந்தின் ஆயர்கள் இரண்டு பேர் வாய்திறந்து கண்டிக்கும் அளவுக்குப் போனது. திருச்சபைக்கு மாறானவர்களை விசாரித்த ஸ்பெயின் விசாரணை மன்றம் என்றால் லட்சக்கணக்கில் எரித்தார்கள் என்று பின்குரல் முழங்கும். கலிலியோ என்றால் இருட்டறை, சங்கிலி. 1633-இல் விசாரணையின்போது அவர் பெரும்பாலும் தங்கியிருந்தது டஸ்கனித் தூதர் வீட்டில். அப்புறம், திருச்சபை யாரையும் எரித்ததே இல்லை. எரித்தது அரசாங்கம்.

கருப்புப்பூனை:
அந்தக் கடைசி வரியை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! ஒருவரைத் தப்பறைக்காரர், அதாவது திருச்சபைப் போதனைக்கு மாறானவர், என்று தீர்ப்புச் சொல்லி, ‘இவரை மென்மையாக நடத்துங்கள்’ என்று சடங்குக்கு ஒரு வரியும் சேர்த்து, அதிகாரியிடம் ஒப்படைப்பார்கள். அந்த அதிகாரி எரிக்காமல் விட்டால் அவர் மேலேயே வழக்கு வரும். விறகுக்குக் காசு கொடுத்தது யார் என்பதை வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறீர்கள்.

கலிலியோவுக்கு நல்ல அறை கொடுத்து வாயைக் கட்டினால் அது விருந்தோம்பலா? 1642-இல் சாகும்வரை வீட்டுக்காவல் ஐயா.

ஏடுபுரட்டி, உங்களுக்கும் ஒன்று. 500 வருடத்துக்கு முன் செத்த ஒரு பணக்காரக் குடும்பத்தின் மானத்துக்கு வாதாட இவ்வளவு பேர் வருகிறார்கள். அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்பள்ளிகள் என்று பெயர். ஏழைப் பிள்ளைகளை, தாய் தகப்பன் இல்லாததுகளை, பள்ளிக்கு மட்டம் போட்டதுகளை நீதிமன்றம் அனுப்பும், துறவற சபைகள் அடைத்து வைக்கும். அடியும் பட்டினியும் அதைவிட மோசமானதும் எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். யாரும் பேசவில்லை. 1999-இல் அந்த நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ மூன்று பகுதியாக ஓர் ஆவணப்படம் போட்டது. கடைசிப் பகுதி வந்த அன்றே, மே 11, பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் நாட்டின் சார்பில் மன்னிப்பு கேட்டார். ஆணையம் வந்தது. 2009-இல் ரையன் அறிக்கை வந்தது, சுமார் 2,600 பக்கம். எந்த ஆயர் இல்லத்திலிருந்து அந்த அறிக்கை வந்திருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்.

தொலைக்காட்சி சில இடங்களில் மிகைப்படுத்தும். மௌனத்தைவிட அது மேல்.

நடுச்சாமம்:
தொடர்களுக்குத் திரைக்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். வரலாற்றுத் தொடர் இரண்டில் வேலை பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம்.

நீங்கள் நினைப்பதுபோல் யாரும் உட்கார்ந்து மதத்தைக் கெடுக்கத் திட்டம் போடுவதில்லை. எங்கள் அறையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்? பதில் இல்லையென்றால் காட்சி குப்பைக்குப் போகும். 1493 ஆணையை வைத்து என்ன செய்வது? ஒருவர் தோல்தாளில் முத்திரை குத்துகிறார். அதனால் செத்தவர்கள் ஒரு கடலுக்கு அந்தப் பக்கம், பல வருடம் கழித்து. முகம் கிடையாது. தங்கை கதையில் இரண்டு முகம், ஒரு கதவு, ஒரு மெழுகுவர்த்தி (உங்களைச் சொல்லவில்லை ஐயா). அவ்வளவு போதும்.

இன்னொன்று, நடிகர் தேர்வே பாதிக் கதையை மாற்றிவிடும். அசல் ரோட்ரிகோ போர்ஜியா எப்படி இருந்தார் என்பதற்கு வத்திக்கானில் ஓவியர் பின்தூரிக்கியோ வரைந்த சுவரோவியம் இருக்கிறது. தொங்கும் தாடை, பருத்த உடம்பு, கை கூப்பி முழந்தாளிட்டிருக்கிறார். ஜெரமி அயன்ஸ் ஒல்லி, கண்ணில் ஏக்கம். அங்கேயே அது வேறு மனிதராகிவிட்டது.

ஏடுபுரட்டி:
நடுச்சாமம், முகம் இல்லை என்று சொல்லாதீர்கள். முகம் இருக்கிற ஆவணமும் இருக்கிறது. விசாரணை மன்றம் என்றதும் உங்கள் ஆட்கள் ஓடிப்போய் முள் பதித்த இரும்புப் பெட்டியை எடுத்து வருகிறார்களே, அது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிளம்பிய கட்டுக்கதை. மன்றத்தின் அறையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

இருந்தது என்ன? ஒரு மேசை. ஓர் எழுத்தர்.

1568, ஸ்பெயினின் தொலேதோ நகரம். எல்விரா தெல் காம்போ என்று ஒரு பெண். பன்றிக்கறி சாப்பிடுவதில்லை, சனிக்கிழமையானால் துவைத்த உள்ளாடை மாற்றுகிறாள், ஆகவே ஒளிந்து யூத முறை கடைப்பிடிக்கிறாள் என்று புகார். புகார் சொன்னவர் யார் என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி. துணியை அவிழ்த்து, கையைக் கட்டிக் கயிற்றை முறுக்குகிறார்கள். எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் எழுதுகிறார். எத்தனையாவது முறுக்கு, அப்போது என்ன சொன்னாள், எல்லாம். அவள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்லும் பதில், உண்மையைச் சொல். அவளுக்கு எந்த உண்மை என்று தெரியவில்லை.

அவளை எரிக்கவில்லை. மெழுகுவர்த்தி சொல்வதுபோல் எண்ணிக்கை லட்சக்கணக்கில் இல்லை. 1478-இல் தொடங்கி 1834-இல் கலைக்கப்படும்வரை மரண தண்டனை பெற்றவர்கள் 3,000 முதல் 5,000 வரை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். சூனியக்காரிகள் விஷயத்தில் 1614-க்குப் பிறகு ஸ்பானிய மன்றம் ஐரோப்பாவின் பாதி நீதிமன்றங்களைவிடக் கவனமாக இருந்தது. ஆனால் இதை ஆறுதலாகச் சொல்கிறவர்கள் அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை. தண்டனை பெற்றவர் அணிந்த சான்பெனித்தோ என்ற அவமான அங்கியை, பெயர் எழுதி, பங்குக் கோயிலிலேயே தொங்கவிடுவார்கள். துணி மக்கினால் புதிதாகச் செய்து மாட்டுவார்கள். பேரன் பேத்தி பூசைக்கு வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இரும்புப் பெட்டியைக் காட்டினால் பார்க்கிறவன் ‘அது அந்தக் காலத்துக் காட்டுமிராண்டித்தனம்’ என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான். எழுத்தரைக் காட்டினால் தூக்கம் வராது. தொலைக்காட்சி நம்மை அதிகமாகத் திட்டுகிறது என்று நான் சொல்லவில்லை. தப்பான இடத்தில் திட்டித் தப்பிக்க விடுகிறது என்கிறேன்.

மெழுகுவர்த்தி:
நான் எதிர்பார்த்த திசையில் நீங்கள் போகவில்லை. சரி. ஆனால் கருப்புப்பூனை ‘மிகைப்படுத்துவது மௌனத்தைவிட மேல்’ என்று சொன்னதை விட முடியாது. அதே ஆர்டிஇ, 2011 மே மாதம். ஒரு பாதிரியார் கென்யாவில் வயது வராத பெண்ணைக் கெடுத்துப் பிள்ளை பெற்றார் என்று ஒளிபரப்பினார்கள். ஒளிபரப்புக்கு முன்பே அவர் தந்தைமைப் பரிசோதனைக்குத் தயார் என்று சொன்னார். கேட்கவில்லை. அப்புறம் பரிசோதனை நடந்தது, பிள்ளை அவருடையது இல்லை. பங்கிலிருந்து விலகி நிற்க வேண்டி வந்த மனிதர் அவர். ஆர்டிஇக்கு 2 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. அந்த நேரம் மௌனம் மேலாக இருந்திருக்காதா?

அயர்லாந்தின் டுவாம் ஊர் விஷயமும் அப்படித்தான். 2014-இல் ‘கழிவுநீர்த் தொட்டியில் 800 குழந்தைகள்’ என்று உலகம் முழுக்க ஓட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே கொடுக்கவில்லை என்றும் எழுதினார்கள். அது தப்பு என்று ஏபி செய்தி நிறுவனமே திருத்தம் போட வேண்டி வந்தது.

கருப்புப்பூனை:
அந்தப் பாதிரியார் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அது அநியாயம். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாரம் தாமதம், அவ்வளவில் தடுத்திருக்கலாம். ‘மிகை மேல்’ என்ற வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

டுவாமை விட மாட்டேன். 1925 முதல் 1961 வரை கன்னியர் நடத்திய, மணமாகாத தாய்மாருக்கான தாய்சேய் இல்லம். கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் தன் காசைப் போட்டு இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாங்கினார். 796 பெயர். அடக்கம் செய்த பதிவைத் தேடினால் கிடைக்கவில்லை. 2014-இல் ஏபி திருத்தம் வந்ததும், பார்த்தீர்களா எல்லாம் புரளி என்று எத்தனை கட்டுரை! 2017 மார்ச்சில் அரசு ஆணையம் தோண்டிப் பார்த்தது. நிலத்தடியில் 20 அறையுள்ள ஒரு கட்டுமானம், கழிவுநீரோடு தொடர்புடையது போலத் தெரிகிறது என்றது ஆணையம். அதில் 17 அறைகளில் குழந்தைகளின் எலும்பு. முழு அகழ்வு 2025-இல்தான் தொடங்கியது. நீங்கள் சொன்ன திருத்தம் ஞானஸ்நானத்தைப் பற்றியது. தொட்டியில் எத்தனை உடல் என்று தோண்டாமல் தெரியாது என்றும் அதில் இருந்தது. குழியே இல்லை என்று அது சொல்லவில்லை.

ஏடுபுரட்டி:
அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு நானும் 2014-இல் ஓர் இடத்தில் வாதாடியிருக்கிறேன். 2017-இல் அதைத் தேடிப் போய் அழித்தேன். அழிக்காமல் விட்டிருக்கலாம்.

மெழுகுவர்த்தி:
நானும் படித்தேன். மறுக்கவில்லை. ஆனால் அயர்லாந்தில் கன்னியர் பெண்களை அடைத்து வேலை வாங்கிய சலவைக்கூடங்களைப் பற்றி எடுக்கிறவர்கள் எல்லோரும் கொடூரக் கன்னியரைத்தான் காட்டுகிறார்கள். 2013-இல் வந்த மெக்கலீஸ் அறிக்கை, எப்படி வந்தார்கள் என்று தெரிந்த பெண்களில் 26 சதவீதத்தை அனுப்பியது அரசு என்கிறது. போலீஸ், நீதிமன்றம், சமூகநலத் துறை. மீதிப் பேரில் பலரைக் கொண்டுவந்து விட்டது சொந்தக் குடும்பம். அப்பனைக் காட்டும் தொடர் எங்கே?

நடுச்சாமம்:
இது நல்ல கேள்வி. அப்பனைக் காட்டினால் பார்க்கிறவர்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். கன்னியாஸ்திரியின் அங்கி வசதி, ‘நாம் இல்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

கருப்புப்பூனை:
அப்பனையும் காட்டுங்கள், போலீஸையும் காட்டுங்கள். ஆனால் 1993-ஐயும் காட்ட வேண்டும். டப்ளினில் ஹை பார்க் மடத்தின் நிலத்தை விற்றார்கள். நிலத்தில் சலவைக்கூடப் பெண்களின் கல்லறை இருந்தது. 133 உடல்களைத் தோண்டி எடுக்க அனுமதி வாங்கினார்கள். தோண்டினால் இன்னும் 22 உடல். மொத்தம் 155. பலருக்கு இறப்புச் சான்றிதழே இல்லை. ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்து எரியூட்டிச் சாம்பலை வேறு கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். எந்தச் சாம்பல் யாருடையது?

ஏடுபுரட்டி:
பாருங்கள், இதிலும் வில்லன் முகம் கிடையாது. ஒரு விண்ணப்பம், ஓர் எண்ணிக்கை தப்பு, இன்னொரு விண்ணப்பம். நடுச்சாமம், நிஜமாகவே கேட்கிறேன், தொலேதோ எழுத்தரை வைத்து ஒரு காட்சி எழுத முடியுமா?

நடுச்சாமம்:
நேற்று ராத்திரி எழுதிப் பார்த்தேன். அவளைக் காட்டவே இல்லை. கேமரா முழுக்க எழுத்தர் கை மேல். அவள் குரல் மட்டும் கேட்கிறது. மை தீர்ந்துபோகிறது, எழுத்தர் கையை உயர்த்துகிறார், எல்லோரும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். மை வருகிறது. மறுபடி தொடங்குகிறார்கள். மை என் கற்பனை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

தயாரிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, எழுத்தருக்கு அந்தப் பெண் மேல் ஒருதலைக் காதல் வைக்கலாமா என்று கேட்டார்.

மெழுகுவர்த்தி:
காதல் இல்லாமல் எடுத்தால் நான் பார்க்கிறேன். தாமஸ் மூர் விஷயத்தில் மட்டும் விட மாட்டேன்.

கருப்புப்பூனை:
அவர் எட்டாம் ஹென்றியின் சான்சலர் பதவியில் இருந்த 1529 முதல் 1532 வரை ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள் ஐயா. இரண்டு பேரை அடிக்க வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதற்குத் தனித் திரி தொடங்குங்கள், வருகிறேன்.